இரவல் கருவியை நம்பி மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட முடியாது: கொள்வனவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென நாங்கள் கேட்ட வீடியோ லரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்த்துச் சுவாசக் குழாய் போட உதவும் கமராக் கருவி) அடுத்த ஆண்டுக் கருவிப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறீர்கள். அதற்குக் காரணமாக ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: "சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஏற்கெனவே ஒன்று உள்ளது; தேவைப்படும்போது பெற்றுப் பயன்படுத்தலாம்." இந்த மடல் அந்த வரிக்கான பதில். முன்னர் எழுதிய உள்ளகக் கடிதங்களுக்குப் பதில் வராததால் இதைப் பொதுவில் எழுதுகிறோம். உங்கள் முடிவால் பாதிக்கப்படப்போவது யாழ் குடாநாட்டுச் சனங்கள். அவர்களும் இதை வாசிக்கவேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கியே எழுதுகிறோம்.

மூச்சு முட்டியோ நினைவிழந்தோ எங்களிடம் வரும் ஒருவரின் வாய்வழியே ஒரு குழாயை விட்டு, குரல்நாண்களுக்கு நடுவால் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, அதைச் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைக்கிறோம். குரல்நாண்களைக் கண்டால்தான் குழாய் சரியான வழியில் போகும். அதற்கு இன்றும் எங்கள் கையில் இருப்பது, 1943இல் மக்கின்ரொஷ் என்ற மயக்கமருந்து நிபுணர் விவரித்த, நாக்கை ஒதுக்கித் தூக்கும் வளைந்த பிளேட் (தகடு). அந்தப் பிளேட்டில் வைத்தியரின் கண்ணிலிருந்து நோயாளியின் குரல்நாண்வரை பார்வை ஏறக்குறைய நேர்கோட்டில் போகவேண்டும். கழுத்தை அசைக்கக்கூடாது என்றால், வாய் திறபடாது என்றால், நாக்கு வீங்கியிருந்தால், அந்தக் கோடு கிடைக்காது. வீடியோ லரிங்கோஸ்கோப்பில் பிளேட்டின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கமராவும் விளக்கும் இருக்கின்றன. நேர்கோடு கிடைக்காத இடத்திலும் கமரா வளைவைத் தாண்டிப் பார்த்துத் திரையில் காட்டும்.

இனி உங்கள் வரிக்கு வருகிறோம். "தேவைப்படும்போது" என்று எழுதியிருக்கிறீர்கள். தேவை எப்போது தெரியவரும்? மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் கொடுத்து, நோயாளியின் சொந்த மூச்சு நின்று, பழைய பிளேட்டை உள்ளே வைத்து, குரல்வளை மூடியைத் தவிர வேறொன்றும் தெரியாதபோது. அதாவது மூச்சு நின்ற பிறகு. ரொக்குரோனியம் என்ற தசைத்தளர்த்தியைக் கிலோவுக்கு 1.2 மி.கி. கொடுத்தபின் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு அவர் தானாக மூச்சு விடப்போவதில்லை. நல்ல சுகதேகி ஒருவருக்கு முன்கூட்டியே முழு ஒட்சிசன் ஊட்டியிருந்தால் 8 நிமிடமளவுக்குத் தாக்குப்பிடிப்பார். நியூமோனியாவால் இரண்டு சுவாசப்பையும் நிறைந்த நோயாளிக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். சத்திரசிகிச்சைக் கூடம் வேறு மாடியில். இரவில் கருவி அலுமாரிக்குள், அலுமாரி பூட்டில், திறப்பு கடமைத் தாதியிடம், அவர் அவசரச் சிசேரியனுக்குள். அதே கருவி அந்தச் சிசேரியனுக்கே எடுக்கப்பட்டிருந்தால் வாதம் அத்தோடு முடிந்தது. எல்லாம் சரியாக நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் அது கட்டிலடிக்கு வந்துசேராது.

கடினமாக இருக்குமா என்று முன்கூட்டியே கணித்து, கருவியை முன்பே வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். கணிக்கத்தான் செய்கிறோம். மக்கோச்சா என்ற புள்ளிமுறை தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கென்றே உருவானது: வாய்க்குள் பார்த்தால் உண்ணாக்கு சரியாகத் தெரியாத நிலைக்கு 5, தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய்க்கு 2, கழுத்து அசைவு குறைவு, வாய் 3 செ.மீ.க்குக் குறைவாகத் திறத்தல், ஆழ்ந்த நினைவிழப்பு, ஒட்சிசன் செறிவு 80 சதவீதத்துக்குக் கீழ், குழாய் போடுபவர் மயக்கமருந்துப் பயிற்சி இல்லாதவர் என்ற ஐந்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் 12. மூன்றும் அதற்கு மேலும் என்றால் எச்சரிக்கை. ஆனால் இதில் அதிக புள்ளி கொண்ட முதல் அம்சத்தைப் பார்க்க நோயாளி நிமிர்ந்து இருந்து வாயைத் திறந்து நாக்கை நீட்டவேண்டும். வலிப்பில் கிடப்பவர் எப்படி நீட்டுவார்? புள்ளி குறைவாக வந்தவரிடமும் உள்ளே பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போவது எங்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் 2018இல் பிரித்தானியாவின் கடின சுவாசவழிச் சங்கமும் தீவிர சிகிச்சை அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், தீவிர நோயாளிக்குக் குழாய் போடும் எந்த இடத்திலும் வீடியோ லரிங்கோஸ்கோப் உடனே கையெட்டும் நிலையில் இருக்கவேண்டும் என்று சொல்கிறது. வேறு மாடியில் இருப்பதற்குப் பெயர் கையெட்டும் தூரமல்ல.

முதல் முயற்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு உண்டு. சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே செய்யப்பட்ட அவசரக் குழாயிடல்களை ஆராய்ந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு முயற்சிக்குள் முடிந்தவர்களில் 11.8 சதவீதமானோருக்கு ஒட்சிசன் விழுந்தது. இரண்டுக்கு மேல் போனவர்களில் 70 சதவீதமானோருக்கு. இதயம் நின்றது முதற்பிரிவில் 0.7 சதவீதம், இரண்டாவதில் 11 சதவீதம். ஒவ்வொரு முயற்சியிலும் தொண்டை வீங்குகிறது, இரத்தம் கசிகிறது, அடுத்த பார்வை முன்னதைவிட மோசமாகிறது. 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வில், குழாய் போடும் வேளையையொட்டி 45 சதவீதமானோருக்குப் பெரிய சிக்கல் ஒன்றாவது ஏற்பட்டது, 3.1 சதவீதமானோருக்கு இதயம் நின்றது. பிறகு 2023இல் அமெரிக்காவின் 17 அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,417 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முதல் முயற்சியிலேயே குழாய் போனது வீடியோவில் 85.1 சதவீதம், பழைய பிளேட்டில் 70.8 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்னரே நிறுத்தினார்கள்.

அதே ஆய்வில் பாரதூரமான சிக்கல்களின் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இரத்த அழுத்தம் விழுவதைக் கமரா தடுக்காது. அதற்கு நீரும் இரத்தக்குழாய் இறுக்கி மருந்தும் முன்கூட்டித் தயாராக இருக்கவேண்டும். நாங்கள் கேட்கும் கருவி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எங்கும் எழுதவில்லை. குழாய் போகாமல் போவதையும், போகும் வரை திரும்பத் திரும்ப முயல்வதையும் அது குறைக்கிறது. 222 ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வும் இதையே சொல்கிறது.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு, எங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று உங்கள் கூட்டத்தில் கேட்கப்பட்டதாக அறிகிறோம். எங்கள் ஊருக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

பனையிலும் தென்னையிலும் இருந்து விழுந்து வருபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தெலும்பு முறிந்ததா இல்லையா என்று படம் எடுத்து உறுதி செய்யும்வரை கழுத்தை ஒரு சொட்டும் மடக்கக்கூடாது. ஒருவர் இரு கையாலும் தலையை அசையாமல் பிடிக்க, கழுத்துப்பட்டியின் முன்பாதியைக் கழற்றி, இன்னொருவர் பிளேட்டை வைக்கவேண்டும். தலையைப் பிடித்த மாத்திரத்திலேயே பழைய பிளேட்டில் பார்வை மோசமாகும். பார்வையை மேம்படுத்த அதிகம் தூக்கினால் முறிந்த எலும்பு அசையும். மோட்டார் சைக்கிள் விபத்தில் வருபவருக்கும் இதே கதைதான்.

வெற்றிலை பாக்கு. எங்கள் மாவட்டத்தில் எந்த வோட்டில் பார்த்தாலும் பல்லாண்டு பாக்கு மென்றவர்கள் இருப்பார்கள். பாக்கு வாயின் உட்தோலை நார்பற்றி இறுக்குகிறது. சிலருக்கு இரண்டு விரல்கூட உள்ளே போகாது. வழமையான பிளேட்டை வைக்கவே இடமில்லாதபோது, ஒடுங்கிய, கூடுதலாக வளைந்த வீடியோ பிளேட் பலருக்கு உதவும். வாய் அதற்கும் திறபடாது என்றால் விழித்திருக்கும்போதே மூக்குவழி, வளையும் கமராக் குழாயான புரொங்கோஸ்கோப்பால் போடவேண்டும், அல்லது கழுத்தில் துளையிடத் தயாராகவேண்டும். இதை முன்பே பார்த்து முடிவெடுக்க, மருந்து கொடுப்பதற்கு முன் வாயை விரலால் அளந்தே ஆகவேண்டும்.

வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு வருகிறது. குருதிச் சிறுதட்டுகள் சில ஆயிரங்களுக்கு இறங்கியவரின் தொண்டையில் பிளேட் ஒருமுறை உரசினாலே இரத்தம் நிற்காது. இரண்டாம் முயற்சியில் பார்ப்பதற்கு இரத்தம் மட்டுமே இருக்கும். இவர்களுக்கு மூக்குவழிக் குழாயும் ஆகாது. நெஞ்சறையில் நீர் தேங்கியிருப்பதால் ஒட்சிசன் விழுவதும் வேகம். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவியது யாழ்ப்பாணம் முழுவதும் பேசப்பட்டது. அந்த நோயில் சுவாசப்பைக்குள்ளேயே இரத்தம் கசியலாம். குழாய் போடும்போது நுரையும் இரத்தமும் மேலே வரும்.

எட்டடி விரியன் தீண்டியவர்கள் பெரும்பாலும் நிலத்தில் படுத்துறங்கியபோது கடிபட்டு, விடியற்சாமத்தில் வருவார்கள். இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, எச்சில் தொண்டையில் தேங்கும், பிறகு மூச்சுத்தசை ஓயும். இவர்களின் கழுத்தும் வாயும் பெரும்பாலும் இலகுவானவைதான். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் கடமையில் இருப்பவர் இளம் வைத்தியர். பூச்சிமருந்து குடித்தவருக்கு வாய் நிறைய நுரை, தொண்டை முழுக்கச் சளி. ஒர்கனோபொஸ்பேற் வகை நஞ்சு கொலினெஸ்தரேஸ் நொதியை முடக்குவதால், சில நிமிடத்தில் தெளியவேண்டிய சக்சமெதோனியம் என்ற தசைத்தளர்த்தி மணிக்கணக்கில் நிற்கும். ஆகவே "போகாவிட்டால் மருந்து தெளியும், அவரே மூச்சு விடுவார்" என்ற கடைசி நம்பிக்கையும் இவர்களிடம் இல்லை. முதலில் போடும்போதே போகவேண்டும்.

கருவியை மட்டும் வாங்கித் தந்தால் போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டி வந்து, நாடா வெட்டி, படம் எடுத்து, ஆறு மாதத்தில் அலுமாரிக்குள் போன கருவிகள் நாட்டின் எல்லா வைத்தியசாலைகளிலும் இருக்கின்றன. 2017இல் பிரான்சின் 7 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 371 பேரிடம் நடந்த ஆய்வில் வீடியோ எந்த நன்மையும் தரவில்லை: முதல் முயற்சி வெற்றி 67.7 சதவீதம், பழைய பிளேட்டில் 70.3. உயிராபத்தான சிக்கல்கூட வீடியோப் பக்கம் அதிகம். திரையில் குரல்நாண் நன்றாகத் தெரிந்தது; குழாய்தான் அங்கே போய்ச்சேரவில்லை. கமரா வளைவைத் தாண்டிப் பார்க்கிறது, வளையாத குழாயோ வளைவைத் தாண்டாது. அதே நாட்டின் 32 பிரிவுகளில் 999 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வு, குழாய்க்குள் ஸ்டைலெட் கம்பி வைத்தால் முதல் முயற்சி வெற்றி 71.5 சதவீதத்திலிருந்து 78.2 ஆவதைக் காட்டியது. ஒரு சாதாரணக் கம்பி. எங்கள் இருப்பில் அது அடிக்கடி முடிந்துபோகும் பொருள்.

பிளேட்டில் இருவகை உண்டு என்பதை விவரக்குறிப்பு எழுதுபவர் அறிந்திருக்கவேண்டும். மக்கின்ரொஷ் வடிவ வீடியோ பிளேட்டைப் பழைய முறைப்படியே நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நுனியை நாக்கடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வைத்துத் தூக்கலாம். திரை மங்கினால் நேரே கண்ணாலும் பார்க்கலாம். குழாய்க்கு வழிகாட்டும் நீண்ட, வளையும் கம்பியான பூஜியோடு நன்றாக ஒத்துழைக்கும். மிகை வளைவுப் பிளேட் 60 பாகை அளவில் வளைந்தது. அதை வாயின் நடுக்கோட்டால் இறக்கவேண்டும், நேர்ப்பார்வை கிடையாது, பிளேட்டின் வளைவுக்கு ஒத்த விறைப்பான ஸ்டைலெட் இல்லாமல் குழாய் போகவே போகாது. நாளாந்தம் முதல் வகை போதும். கழுத்தசைவு இல்லாதவருக்கும் குரல்வளை மிக முன்பக்கம் இருப்பவருக்கும் இரண்டாவது வகை வேண்டும். ஒன்றை வாங்கி மற்றதை விட்டால் பாதிக் கருவிதான்.

பழகாத கையில் என்னென்ன பிழைக்கும் என்பதையும் பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். முதலாவது, கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு குழாயை வாய்க்குள் தள்ளுவது. கமராவுக்கு முன்னால் வரும்வரை குழாய் எங்கே போகிறது என்று திரை காட்டாது. அந்த இடைவெளியில் விறைத்த ஸ்டைலெட் வலது பக்க மென்னண்ணத்தையோ உண்ணாக்குத் தூணையோ துளைத்துவிடும். பிளேட்டை விடும்போது வாயைப் பார்க்கவேண்டும், பிறகு திரை, குழாயை விடும்போது மறுபடி வாய், நுனி தெரிந்தபின் மறுபடி திரை. இரண்டாவது, குரல்நாண் திரை நிறையத் தெரியும்வரை பிளேட்டை ஆழத் தள்ளுவது. நன்றாகத் தெரிகிறது என்று மகிழ்வார்கள். குழாய் திரும்ப இடமிருக்காது. பிளேட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, குரல்நாண்கள் திரையின் மேற்பாதியில், பாதியளவே தெரியும்படி வைத்தால்தான் குழாய் வரும். மூன்றாவது, குழாயின் நுனி குரல்நாண் வாசலில் வந்து, உள்ளே நுழைந்து, மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நிற்பது. உதவியாளர் ஸ்டைலெட்டை நாலைந்து செ.மீ. பின்னிழுக்கவேண்டும், குழாயை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே இறக்கவேண்டும். யாரும் சொல்லித்தராதவர் அங்கே பலமாகத் தள்ளுவார். நான்காவது, லென்ஸில் ஆவி படிந்து மங்குவது. பல கருவிகளில் அரை, ஒரு நிமிடம் முன்னரே விளக்கைப் போட்டுச் சூடாக்கிவிட்டால் குறையும். ஐந்தாவது இரத்தமும் வாந்தியும். கமரா ஒரு துளியில் குருடாகும். அதனால் தடித்த சக்சன் (உறிஞ்சு) குழாயை முன்னே விட்டு, அதன் பின்னாலேயே பிளேட்டை இறக்கி, சக்சனை இடப்பக்கம் உணவுக்குழாய் வாசலில் நிறுத்திவிட்டுக் குழாயை விடவேண்டும். மெல்லிய சக்சன் கதீற்றர் இதற்கு உதவாது.

இவை எதுவும் பெரிய வித்தைகளல்ல. பொம்மைத் தொண்டையில் சில டசின் தடவை செய்து, பிறகு சத்திரசிகிச்சைக் கூடத்தில் இலகுவான நோயாளிகளில் பழகினால் வரும். ஆனால் வருடத்தில் இரண்டு தடவை, அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு, இரவலாக வாங்கிய கருவியில் எவருக்கும் வராது. உங்கள் முடிவின் பெரிய குறை இதுதான். கடினமானவருக்கு மட்டும் எடுக்கும் கருவியை, கடினமானவரிடம் எவரும் நன்றாகக் கையாளமாட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் முயற்சியிலேயே அதை எடுத்தால்தான் கை பழகும்.

இளம் வைத்தியர்கள் பழைய பிளேட்டை மறந்துவிடுவார்கள் என்ற கவலையையும் கேட்டோம். உண்மையான கவலை. ஆனால் மக்கின்ரொஷ் வடிவ வீடியோவில் திரையை மறுபக்கம் திருப்பி வைத்து, பயிலுநர் நேரே பார்க்க, மூத்தவர் திரையில் பார்த்துக்கொண்டே "இன்னும் சற்று இடப்பக்கம், அதுதான் குரல்வளை மூடி" என்று சொல்லலாம். பழைய பிளேட்டில் பயிலுநருக்குத் தெரிவது என்ன என்று பின்னால் நிற்கும் மூத்தவருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் அனுபவத்தில் பழைய கலையைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

செலவு. கருவியின் விலை ஒருமுறை. உண்மையான செலவு பிளேட்டில் இருக்கிறது. ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளேட் கொண்ட கருவியை வாங்கி, பிளேட்டுக்கு வருடாந்த ஒதுக்கீடு வைக்காவிட்டால், மூன்றாம் மாதத்திலிருந்து அதையே கழுவிக் கழுவிப் பாவிக்கும் நிலை வரும். அந்தப் பிளாஸ்ரிக் இரசாயனத்தில் வெடிக்கும், மங்கும், ஒருநாள் வாய்க்குள் உடையும். எங்கள் நிலைமைக்கு மீளப் பாவிக்கும் பிளேட்டே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. அதற்கும் நிபந்தனை உண்டு. சளிச்சவ்வைத் தொடும் கருவி என்பதால் துடைத்து வைப்பது போதாது, உயர்நிலைத் தொற்றுநீக்கம் கட்டாயம்: பாவித்தவுடன் நொதிக் கழுவியில் கழுவி, 0.55 சதவீத ஒர்தோப்தலால்டிஹைட்டில் 12 நிமிடம் முழுதாக அமிழ்த்தி, நன்கு அலசி, உலர்த்தவேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணித்தியாலத்துக்கு மேல். ஒரு பிளேட் மட்டும் இருந்தால் அந்த நேரத்தில் வரும் அடுத்த நோயாளிக்கு ஒன்றுமில்லை. எனவே ஒவ்வொரு அளவிலும் குறைந்தது இரண்டு. கமராவோடு சேர்ந்த பிளேட் முழுதாக அமிழ்த்தக்கூடியதா என்று உற்பத்தியாளரின் எழுத்துமூல உறுதி இல்லாமல் எதையும் வாங்கவேண்டாம். பற்றரியும் அப்படியே. தனிவகைப் பற்றரி மட்டும் ஏற்கும் கருவி, அந்தப் பற்றரி நாட்டில் கிடைக்காத நாளில் வெறும் கைப்பிடி. 2022இல் மருந்துகூட இறக்குமதியாகாமல் நின்றதை எல்லோரும் மறந்திருக்கமாட்டோம்.

ஒன்றை இடையில் சொல்லவேண்டும். வீடியோ லரிங்கோஸ்கோப்பா, கட்டிலடியில் கப்னோகிராபியா (வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளந்து அலையாகக் காட்டும் கருவி), ஒன்றுக்குத்தான் பணம் என்று நீங்கள் சொன்னால், முதலில் கப்னோகிராபியைத் தாருங்கள். குழாய் மூச்சுக்குழாய்க்குள் இருக்கிறதா உணவுக்குழாய்க்குள் இருக்கிறதா என்பதை வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு அலைதான் சொல்லும். நெஞ்சு எழும்புவதும் காதுக்குழாயில் கேட்பதும் ஏமாற்றும். 2011இல் பிரித்தானியாவில் வெளியான நான்காவது தேசியக் கணக்கெடுப்பில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சுவாசவழி விபத்துகளில் 61 சதவீதம் மரணத்திலோ மூளைச் சேதத்திலோ முடிந்தன. அப்படி முடிந்தவற்றில் 70 சதவீதத்துக்கு மேலானவற்றில் கப்னோகிராபி இல்லாமையும் ஒரு காரணம் என்று கண்டார்கள். 2022இன் பன்னாட்டு வழிகாட்டல், குறைந்தது 7 மூச்சுக்கு அலை ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்டபிறகே குழாய் சரியான இடம் என்று எழுதச் சொல்கிறது. அதே வழிகாட்டல் வீடியோ லரிங்கோஸ்கோப்பை இயன்றவரை வழமையாகப் பாவிக்கவும் சொல்கிறது. இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துப் பேசவேண்டிய நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நீக்கிய முடிவை மீளப்பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்றுமாக இரண்டு வீடியோ லரிங்கோஸ்கோப்புகளைப் பட்டியலில் சேருங்கள். அவை அந்தந்தப் பிரிவின் சொத்தாகப் பதியப்படவேண்டும். வெளியே இரவல் போகக்கூடாது. ஒவ்வொன்றுடனும் மக்கின்ரொஷ் வடிவில் 3ஆம், 4ஆம் இலக்கப் பிளேட்டுகள் இரண்டிரண்டு, மிகை வளைவுப் பிளேட் இரண்டு, அதற்குரிய விறைப்பு ஸ்டைலெட் இரண்டு. குழந்தைகளுக்கான பிளேட்டை அவசர சிகிச்சைப் பிரிவின் கருவியோடு சேர்க்கவேண்டும். உலகில் பெயர்பெற்ற விலைகூடிய வகைதான் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. மேலே சொன்னவற்றை நிறைவேற்றும் மலிவான கைக்கருவியும் எங்களுக்குச் சம்மதம். கேள்விப்பத்திரத்தைத் திறந்தபின், முடிவெடுக்குமுன், மாதிரிக் கருவியைப் பொம்மையில் வைத்துப் பார்க்க எங்களில் ஒரு வைத்தியரையும் ஒரு தாதியையும் அழையுங்கள்.

சாதாரண ஸ்டைலெட், பூஜி, தடித்த சக்சன் முனை, குழாய் போகாதபோது மூச்சூட்ட உதவும் இரண்டாந் தலைமுறைக் குரல்வளை முகமூடி 3, 4, 5ஆம் இலக்கங்கள், தொற்றுநீக்கித் திரவம் ஆகியவற்றை வருடாந்த நுகர்பொருள் மதிப்பீட்டில் நிரந்தரமாகச் சேருங்கள். கழுத்தில் துளையிடும் அவசரப் பொதி ஒவ்வொரு குழாயிடல் வண்டியிலும் இருக்கவேண்டும். அதற்கு 10ஆம் இலக்கக் கத்தி, பூஜி, 6.0 அளவு பலூன் குழாய் ஆகிய மூன்றும் போதும். தனிப்பெட்டியாக விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. மூன்று முயற்சிக்கு மேல் எவரும் பிளேட்டை வைக்கக்கூடாது என்ற விதியை வண்டியிலேயே எழுதி ஒட்டுகிறோம்; அதற்கு உங்கள் பணம் வேண்டாம்.

செயற்கைச் சுவாசத்தில் உள்ள ஒவ்வொரு கட்டிலுக்கும் கப்னோகிராபி. இருக்கும் மொனிற்றர்களில் பலவற்றுக்கு இணைப்பு மொடியூலும் மாதிரிக் குழாயும் மட்டுமே குறை என்பதை உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவினரைக் கொண்டு பார்த்து அறிக்கை பெறுங்கள்.

மாதத்தில் ஒரு பிற்பகல், பொம்மையோடு பயிற்சிக்கு நேரமும் இடமும். தாதியரும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். ஸ்டைலெட்டைப் பின்னிழுப்பது அவர்கள் கைதான். ஒவ்வொரு குழாயிடலையும் ஒரு பக்கப் படிவத்தில் பதிவோம்: எந்தக் கருவி, எத்தனை முயற்சி, மிகக் குறைந்த ஒட்சிசன் செறிவு, சிக்கல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை உங்கள் குழுவிடமே தருவோம். கருவியால் பயனில்லை என்று அது காட்டினால் அதையும் மறைக்காமல் எழுதுவோம்.

குடாநாட்டின் ஆதார வைத்தியசாலைகளின் தேவையையும் இதே விவரக்குறிப்பில் சேர்த்துக் கேளுங்கள். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து அம்புலன்சில் ஏறும் நோயாளிக்கு, குழாய் போட நல்ல இடம் வழியில் முதலில் வரும் வைத்தியசாலையே. ஓடும் வண்டிக்குள் அதைச் செய்ய நேரக்கூடாது.

இந்த மடல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் தாருங்கள். மறுப்பதானால், எந்தக் காரணத்துக்காக, எந்தப் பொருளுக்கு, யாருடைய தொழில்நுட்ப ஆலோசனையின்பேரில் என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். அதுவரை சத்திரசிகிச்சைக் கூடத்திலுள்ள கருவி மாலை 6 மணி முதல் காலை 6 மணிவரை தீவிர சிகிச்சைப் பிரிவில், எங்கள் வண்டியில், மின்னேற்றப்பட்டு நிற்கும்படி இந்த வாரமே உத்தரவிடுங்கள். இரவில் கூடத்துக்குத் தேவைப்பட்டால் அதை அங்கு கொண்டு வந்து தருவது எங்கள் பொறுப்பு.

இங்ஙனம்,
தீவிர சிகிச்சைப் பிரிவில் கடமையாற்றும் வைத்தியர்களும் தாதிய உத்தியோகத்தர்களும்
யாழ்ப்பாணம்